இருபத்திரண்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவே

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீசில் கேக் வெட்டினார்கள். பக்கத்து மேஜை மார்த்தாவுக்கு அன்றோடு வேலை முடிந்தது. முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவர். இங்கே ஓய்வு பெறுகிறவருக்கு மாலை, மோதிரம், மேடை எல்லாம் கிடையாது. சதுரமாக ஒரு கேக், காகிதத் தட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டை. பிறகு அவரைப் பேசச் சொன்னார்கள்.

மார்த்தா அதிகம் பேசுகிறவர் அல்ல. எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தனக்கு ஒரே ஒரு மனக்குறைதான் என்றார். தன் கைப்பிசகால் ஒருவர் தங்கையின் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போயிற்று, அதை நினைக்காமல் ஒரு கிறிஸ்துமஸும் கழிந்ததில்லை என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் கையை ஆட்டிவிட்டு, கேக்கில் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டாமே.

ஊரில் இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு அமெரிக்காவின் பனியையும் நெடுஞ்சாலையையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கைப்பிசகு யாருடையது என்பதை. வருகிற தை வந்தால் ஐந்து வருஷம் ஆகிறது.

2

ஊருக்கு வரும்போது என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர்' என்று ஒற்றைச் சொல்லில் தப்பித்து வந்திருக்கிறேன். இன்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

கொலம்பஸ் என்கிற இந்த ஊரில் நான் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். கம்பெனியின் கோப்புகள் எல்லாம் ஆளுயர இரும்புப் பெட்டிகளில் டிஸ்குகளாக அடுக்கியிருக்கும். அதற்கு ஸ்டோரேஜ் சர்வர் என்று பெயர். இந்தக் கட்டடம் தீப்பிடித்தாலும் சூறாவளியில் போனாலும் கம்பெனி நின்றுவிடக் கூடாது. அதனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் டென்வரில் இதே மாதிரி இன்னொரு பெட்டி இருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் கால் மணிக்கு ஒருதரம் அங்கே நகலாகிவிடும். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குச்சிக்கு ஒரு ஷெட், மருந்துக்குத் தள்ளி ஒரு ஷெட், கட்டிய பண்டலுக்கு இன்னும் தள்ளி ஒரு ஷெட் என்று அவர்கள் வைப்பதும் இதற்குத்தான்.

கோப்பை நகலெடுப்பது பெரிய காரியமில்லை, இயந்திரம் தானாகச் செய்யும். கோப்பைச் சுற்றியுள்ள ஏற்பாடுதான் வில்லங்கம். பெட்டியின் பெயர் என்ன, முகவரி என்ன, எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம், யாரை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்கிற விவரங்கள். கான்ஃபிகரேஷன் என்பார்கள். வீடு மாறும்போது சாமான்களை லாரியில் ஏற்றிவிடலாம்; எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது தெரியாவிட்டால் புது வீட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான். அந்த விவரங்களையும் டென்வருக்குக் கொண்டுபோய், அந்த ஊருக்குத் தக்கபடி திருத்தி, பெட்டியை எழுப்ப வேண்டும். அதற்கு நாற்பத்தொரு படிகள். ரொம்ப நாள் அந்த நாற்பத்தொன்றும் என் தலையில் மட்டுமே இருந்தன.

மறதியோ சோம்பேறித்தனமோ இல்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் தொண்ணூற்றெட்டில் வந்தேன். மூன்று வருஷத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கவிழ்ந்து, எங்கு பார்த்தாலும் ஆட்குறைப்பு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் யாருடைய மேஜையாவது துடைத்து வைத்தது போல் இருக்கும். எனக்கு இருந்தது எச்-ஒன் விசா. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டது கம்பெனி. கம்பெனி கைவிட்டால் வரிசையில் நின்ற வருஷங்களும் கைவிட்டுப் போகும்.

அந்த மனுவுக்காக அப்பாவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. அந்த ஆண் குழந்தை நான்தான் என்பதற்கு வக்கீல் இரண்டு பேரின் சத்தியப் பிரமாணம் கேட்டார். அப்பா மூன்று நாள் நகராட்சிக்கும் நோட்டரிக்கும் அலைந்தார். அனுப்பிய தாளில் அப்பாவின் பெயருக்கு ஒரு எழுத்து கூடிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து. இப்படித் தாளுக்குப் பயந்து கிடந்தவனுக்கு, எழுதாத அந்த நாற்பத்தொரு படிகள்தான் கையில் இருந்த ஒரே பிடிமானம்.

3

இந்தப் புத்தி எனக்குக் கொலம்பஸில் வந்ததல்ல. வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

என் அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கலக்கினார். குச்சியின் தலையை முக்குகிற மருந்து. அதில் என்னென்ன சேரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அளவுகூட முதலாளியின் நோட்டில் இருந்தது. நோட்டில் இல்லாதது ஒன்றே ஒன்று. ஈரக்காற்று அடிக்கிற நாளில் வச்சிரப் பசையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்கிற பக்குவம். வெயில் காய்கிற ஊர் என்பதால்தான் தீப்பெட்டித் தொழிலே அங்கே வந்தது. ஆனாலும் ஐப்பசி மழைக்கு ஒரு அளவு, மார்கழிப் பனிக்கு ஒரு அளவு உண்டு. தப்பினால் உரசும்போது தலை உதிர்ந்து விழும்.

முதலாளி ஒருமுறை அதையும் எழுதித் தரச் சொன்னார். அப்பா எழுதித் தந்தார், ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அடுத்த மழையில் வேறொருவர் அதைப் பார்த்துக் கலக்கி, அன்றைக்குச் செய்தது முழுக்க வீணாகி, முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, நீங்க இல்லாம ஆகாது," என்றார். அப்பா அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு தரம் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். எனக்குப் பதினொரு வயது. என் அப்பாவைப் போலக் கெட்டிக்காரர் ஊரில் இல்லை என்று நினைத்தேன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு எங்கள் வீடு கொடுத்த விலை பிறகுதான் புரிந்தது. அப்பா எந்த விசேஷத்திலும் முழுசாக இருந்ததில்லை. தங்கை செல்விக்கு மொட்டை அடித்துக் காது குத்தியபோது, தலையில் சந்தனம் காய்வதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தது ஒரு கார்த்திகையில். அடைமழை. பகலெல்லாம் மருந்து ஷெட், சாயங்காலம் ஆஸ்பத்திரி என்று இருந்தார். அம்மா பகலில் போனாள். ஆள் அனுப்பி அவரை அழைத்து வர வேண்டியிருந்தது.

4

செல்வி எனக்கு ஒன்பது வயது இளையவள். அவளுக்குப் புதியம்புத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. ரெடிமேட் துணி தைக்கிற யூனிட் வைத்திருப்பவர். தேதி குறிப்பதற்குள் பெரும்பாடு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தீபாவளித் தையல் முடிந்தால்தான் மூச்சு விட முடியும். அப்பா மழையிலும் பனியிலும் மருந்து ஷெட்டை விட்டு வர முடியாது. எனக்கு லீவு வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை எனக்காகத் தள்ளிவைத்து, கடைசியில் தை மாதக் கடைசியில் ஒரு நாள் எல்லாருக்கும் பொருந்தியது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பதியாக நிற்க வேண்டும். மனைவியை இழந்தவர் நிற்பதில்லை. அம்மா இல்லாததால் அப்பா நிற்க முடியாது. நானும் என் மனைவி சுமதியும்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் செல்வி அதைத்தான் சொன்னாள்.

"அண்ணே, நீயும் மதினியும்தான் என்னைக் கையப் புடிச்சுக் குடுக்கணும். அம்மா இருந்தா ஒன்னைத் தொந்தரவு பண்ணுவேனா? வேற யாரு நின்னாலும் எனக்கு மனசு ஆறாது."

வாரேன் என்று சொன்னேன். டிக்கெட் எடுத்தாயிற்று. சுமதிக்கும் மகளுக்கும் செல்வியே பட்டு எடுத்து, பிளவுசுக்கு அளவு கேட்டு எழுதியிருந்தாள்.

மேனேஜரிடம் மூன்று வாரம் லீவு கேட்டேன். தை மாதக் கடைசி என்பது இங்கே பிப்ரவரி தொடக்கம். வருஷாந்திரச் சோதனை அதே வாரத்தில். கொலம்பஸ் அழிந்துவிட்டதாகப் பாவித்து, டென்வர் பெட்டியை எழுப்பிக் காட்டுகிற சோதனை. மேனேஜர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். செய்முறையை நான் எழுத வேண்டும். அதை மட்டும் பார்த்து, என் உதவி இல்லாமல், மார்த்தா டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை செய்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் நான் தாராளமாகப் போகலாம்.

5

எழுத உட்கார்ந்தேன். நாற்பத்தொரு படிகளையும் எழுதி முடித்தேன். பிறகு இருபத்து மூன்றாவது படியை அழித்தேன். அடுத்து வந்ததற்கு இருபத்து மூன்று என்று எண் மாற்றி, நாற்பது படிகளாக்கினேன். பார்க்கிறவர்களுக்கு ஓட்டை எதுவும் தெரியாது.

என் கணக்கு இதுதான். அந்தப் படி இல்லாவிட்டாலும், இரண்டு ஊருக்கும் நடுவே லைன் இருக்கிறவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். லைனை அறுத்தால்தான் குட்டு வெளிப்படும். ஒத்திகைக்கு யாரும் லைனை அறுக்க மாட்டார்கள். மார்த்தா தேறிவிடுவார், நான் ஊருக்குப் போய்விடுவேன். நிஜச் சோதனையில் லைனை அறுத்ததும் திண்டாடி எனக்குப் போன் செய்வார்கள். கல்யாண மண்டபத்தில் நின்றபடியே ஒரு வார்த்தை சொல்லிச் சரி செய்துவிடுவேன். கல்யாணமும் ஆயிற்று, நான் இல்லாமல் ஆகாது என்பதும் நிலைநாட்டியாயிற்று. இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா?

சனிக்கிழமை காலை மார்த்தா என் தாள்களையும் ஒரு மர ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்து, வாய்க்குள் படித்து, செய்து முடித்துப் பென்சிலால் டிக் போட்டார். சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி அத்தனை கவனம். நான் பக்கத்து நாற்காலியில், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். செய்வதைத் திருந்தச் செய்துவிடலாம், லைனையும் அறுத்துவிடுங்கள் என்று சொன்னார்.

நாற்பது டிக்கும் விழுந்தன. டென்வர் பெட்டி எழுந்தது. கோப்புகள் ஒன்று குறையாமல் இருந்தன. ஒருவராலும் ஒன்றையும் திறக்க முடியவில்லை. யார் பெயரைக் கொடுத்தாலும் அனுமதி இல்லை என்றது. மார்த்தா திரும்ப முதல் வரியிலிருந்து ஸ்கேலை வைத்தார். மூன்று தரம். காது மடல் சிவந்துபோயிற்று. நான்காவது தரம் என் முகத்தைப் பார்த்தார். ஒரு வரி சொன்னால் முடிந்தது. சொன்னால், அது ஏன் தாளில் இல்லை என்று பின்னால் நிற்கிற மேனேஜர் கேட்பார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்த நேரம் முடிந்ததும் என்னை உட்காரச் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் திறந்தது. மேனேஜர் என் தோளில் தட்டி, மன்னிக்க வேண்டும், உன்னை அந்த வாரம் விட முடியாது, நீ இல்லாமல் நடக்காது என்பது நிரூபணமாகிவிட்டது என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த முதலாளி சொன்ன அதே வார்த்தைதான், இங்கிலீஷில்.

எங்கே தவறினேன் என்று மார்த்தா கேட்டார். அது கொஞ்சம் சிக்கலான இடம், யாருக்கும் தவறும் என்று சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை அவர் தன் கையால் பின்னிய வெள்ளை மேஜை விரிப்பு ஒன்றைச் சுற்றி எடுத்துவந்து, தங்கைக்குக் கொடுங்கள், என்னை மன்னிக்கச் சொல்லுங்கள் என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் சுமதி இரண்டு நாள் கம்பெனி மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டினாள். சந்தோஷப்பட்டவள் ஆறு வயது மகள் மட்டும்தான். அந்த வாரம் அவளுடைய சிநேகிதிக்குப் பிறந்தநாளாம்.

6

அப்பாவுக்குப் போன் செய்து, ஆபீசில் விடவில்லை என்றேன். முன்பணம் கட்டிப் பேசுகிற காலிங் கார்டில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். அதையும் மீறி அப்பா குரலை உயர்த்திக் கேட்டார்.

"ஏலே, அங்கன ஒனக்கு மாத்தாள் ஒருத்தருமா இல்ல? சொல்லிக்குடுத்துட்டு வர வேண்டியதுதான?"

"சொல்லிக்குடுத்தேம்ப்பா. அவியளுக்குப் பிடிபடல."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முழுசாச் சொல்லிக்குடுத்தியா?"

"ஆமாப்பா."

சரி என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாளே அப்பா செய்த காரியம் எனக்குச் செல்வி சொல்லித்தான் தெரியும். ஷெட்டில் கூட வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டு, மழைக்கும் பனிக்கும் உள்ள பக்குவத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லி, பக்கத்தில் நின்று நான்கு நாள் கலக்க வைத்துப் பார்த்துவிட்டு, பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம். மகன் வராத கல்யாணத்தில் பந்தலும் பந்தியும் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

கல்யாண விசிடி மார்ச்சில் வந்தது. சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். மணவடையில் செல்வி தலை குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து முன் வரிசையைப் பார்க்கிறாள். அங்கே அப்பா, புது வேட்டி சட்டையில், காலை முதல் கடைசிப் பந்தி வரை அந்த மண்டபத்திலேயே இருக்கிறார். அவரை ஒரு விசேஷத்தில் முழு நாளும் பார்த்தது அந்த விசிடியில்தான்.

அடுத்த மழைக்காலத்தில் முதலாளி அவரைக் கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னாராம், இனி வீட்டில் இருங்கள் என்று. அந்தக் கார்த்திகையில் நான் பேசியபோது அப்பா தானாகவே சொன்னார்: "மழையெல்லாம் நல்லா பெஞ்சுது. ஒரு குச்சிகூட உதிரலையாம்." அதைச் சொல்லிவிட்டு, என்னிடம் வேறு பேச்சு இருக்கிறதா என்று காத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. கார்டில் பணம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

7

அதன்பின் எத்தனையோ முறை அந்தப் படியைச் சேர்த்துவிட நினைத்தேன். கம்பெனியிடம் ஒப்படைத்தபின் அந்த ஆவணத்தில் யார் எந்தத் தேதியில் எந்த வரியை மாற்றினார்கள் என்பது பதிவாகும். சேர்த்தால், இத்தனை நாள் இல்லாதது எது, அன்று மார்த்தா எதனால் தோற்றார் என்பது பார்க்கிறவர் யாருக்கும் விளங்கிவிடும். சேர்க்காவிட்டால் வருஷா வருஷம் சோதனைக்கு நானே உட்கார வேண்டும். அதனால் தைக்கு ஊர் கிடையாது. அப்பாவோடு ஒரு பொங்கலும் கிடையாது. கிரீன் கார்டு போன வருஷம் வந்துவிட்டது. இப்போது என்னை இந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருப்பது விசாவோ கம்பெனியோ இல்லை. சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம்.

திங்கட்கிழமை மார்த்தாவின் மேஜைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அந்த நாற்பது படிகளைத்தான் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள், மார்த்தாவின் பென்சில் டிக்குகளோடு. இது கவனமாகச் செய்ய வேண்டிய இடம், எங்கள் மார்த்தாவே இங்கே தவறியிருக்கிறார் என்று மேனேஜர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்த்தாவுக்கு எழுத நான்கு நாளாக முயல்கிறேன். இங்கிலீஷில் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். டென்வர் பெட்டியை எழுப்புவதற்கு முன்னால், ஆட்களை இன்னார் என்று அடையாளம் சொல்கிற சர்வரின் முகவரியை டென்வரில் உள்ளதாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், அத்தனை கோப்பையும் கையில் வைத்துக்கொண்டு அது கொலம்பஸைத்தான் கேட்கும். கொலம்பஸ் பதில் சொல்லாதபோது, வந்து நிற்கிற எல்லாரையும் தெரியாது என்று சொல்லிவிடும். இதுதான் இருபத்து மூன்றாவது படி. இதைத் தமிழில் வாசிக்க இந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் தைரியம் அவ்வளவுதான்.

ஆனால் செல்வி இதை வாசிப்பாள். அந்த மேஜை விரிப்பை டிவி மேல் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு போனிலும் அந்த அம்மா சௌக்கியமா, நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு சொல்லிட்டியா என்று கேட்கிறாள். செல்வி, அவர் உனக்கு எந்தத் தப்பும் செய்யவில்லை. உன்னைக் கைப்பிடித்துக் கொடுக்க விடாமல் என்னை இங்கே யாரும் தடுக்கவும் இல்லை. அப்பாவுக்கு இது அன்றைக்குப் போனை வைக்கும்போதே தெரியும். ஐந்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் இருக்கிறார்.